மருதாசலண்ணனின் இடது கால்

உக்காருங்க சார். டீ சொல்லியிருக்கேன். உங்க வண்டிய நான் இப்பத் தொடப் போறதில்லீங்க. ஓடி வந்த வண்டி, தொட்டாக் கை வெந்துரும். சித்தெ நேரம் ஆறட்டும். அதுக்குள்ள மெசின்ல எடுத்த அந்தச் சீட்டைக் குடுங்க, என்ன நம்பரு போட்டிருக்குதுன்னு பாக்கலாம்.

பி, சைபர், ஏழு, அஞ்சு, மூணு. ம். கியர் பாக்ஸ் போச்சு, எறக்கோணும்னு சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கல்ல? நெனச்சேன். வேண்டாமுங்க, எந்த ஒர்க்‌ஷாப்புன்னு சொல்ல வேண்டாம். அவங்களக் கொறை சொல்ல எனக்கு யோக்கியதை கெடையாது. ஏன் கெடையாதுன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன். இந்த நம்பரைத் தூக்கீட்டு யாரு வந்தாலும் சொல்லீருவேனுங்க. அது எனக்கு ஒரு வியாதியாவே போச்சு.

வண்டி நீங்களே ஓட்டறீங்களா? டிரைவர் இல்லையா? நல்லது. திட்டறதுக்கு வேற ஆள் இல்லாம இருக்கறது நெம்ப நல்லதுங்க.

மொதல்ல இந்த நம்பரு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்குங்க. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள்ள சோலனாய்டுன்னு சின்னச் சின்னக் கம்பிச் சுருள் இருக்குது. வண்டியோட கம்ப்யூட்டர் அதுக்குக் கரண்டு குடுத்தா ஒரு வால்வு தொறக்கும், ஆயில் ஓடும், கியர் மாறும். அவ்வளவுதான். இந்த நம்பரு என்ன சொல்லுதுன்னா, 'நான் குடுக்கற கரண்டு அந்தச் சுருளுக்கு ஒழுங்காப் போய்ச் சேரலை'ங்குது. சேரலைன்னு சொல்லுதே தவிர, ஏன் சேரலைன்னு சொல்லலீங்க. உங்க வீட்டுல காலிங் பெல் அடிக்கலீன்னா பெல்லே கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? பட்டன் போயிருக்கலாம். வயரை எலி கடிச்சிருக்கலாம். நடுவுல எங்கயாச்சும் லூசா இருக்கலாம். இதுவும் அதே மாதிரித்தான். கியர் பாக்ஸைத் தொடறதுக்கு முன்னால வயரைப் பாக்கோணும், ப்ளக்கைப் பாக்கோணும். சீட்டுலயே போட்டிருக்குது பாருங்க, 'எலெக்ட்ரிக்கல்'னு. இந்த ஒரு வார்த்தைய நான் படிச்சும் படிக்காம விட்டேனுங்க. முப்பது வருச சர்வீஸ் எனக்கு. சென்னியப்பன் ஒர்க்‌ஷாப்புன்னா இந்தக் கணபதி ஏரியாவுல யாரைக் கேட்டாலும் வழி காட்டுவாங்க. நானே விட்டேன்.

ராஜாமணியம்மான்னு ஒரு அம்மாங்க. வீட்டுக்காரரு தவறிட்டாரு, பையன் ஆஸ்திரேலியாவுல. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாடிப்படி ஏற மாட்டாங்க. கோயிலு, ஆஸ்பத்திரி, தங்கச்சி வீடு, எங்க போனாலும் காருலதான் போகோணும். மருதாசலம்னு ஒரு டிரைவர். என்னைவிட எட்டு வயசு மூத்தவரு, அண்ணான்னுதான் கூப்புடுவேன். அந்த வீட்டுல பத்தொம்பது வருசம். வண்டியில ஒரு கோடு, ஒரு நெளிசல் கெடையாது. அந்தம்மா எறங்கறப்ப கதவைத் தொறந்து புடிச்சுட்டு வேற பக்கம் பாத்துட்டு நிப்பாரு. முட்டி வலிச்சு மொகம் சுளிக்கறத யாரும் பாக்கறது அந்தம்மாவுக்குப் புடிக்காதுன்னு அவருக்குத் தெரியும். அப்படி ஒரு மனுசன்.

பையன் வந்தப்ப பழைய வண்டியக் குடுத்துட்டு அம்மாவுக்குன்னு புது ஆட்டோமேட்டிக் வாங்கி வெச்சுட்டுப் போனாரு. ஒரு வருசம் வெண்ணெய் மாதிரி ஓடுச்சுங்க. தைப்பூசம் கழிஞ்ச வாரம், அவிநாசி ரோட்டுல வர்றப்ப மீட்டர்ல லைட்டு எரிஞ்சு, கியர் மூணுலயே புடிச்சுக்கிச்சு. எடுத்தா இழுக்காது, முப்பதுக்கு மேல உறுமும். அண்ணன் பதனமா ஊர்ந்துட்டே இங்க கொண்டாந்து சேத்தினாரு. பின்னாடி சீட்டுல அந்தம்மாவும் இருந்தாங்க.

மெசினை மாட்டினேன். இதே நம்பரு. இதே சீட்டு.

சீட்டுல சோலனாய்டுன்னு பாத்ததும் எனக்கு மனசு அங்க போயிருச்சுங்க. 'சோலனாய்டு போச்சுங்கம்மா, கியர் பாக்ஸைத் தொறக்கோணும்'னு சொன்னேன். அந்தம்மா வாத்தியாரம்மாவா இருந்து ரிட்டையர் ஆனவங்க. சும்மா விடுவாங்களா? 'ஏம்பா சென்னியப்பா, வண்டி இன்னும் இருபதாயிரங்கூட ஓடலையே, எப்படிப் போகும்?'னாங்க.

'தெரியலைங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்.' இவ்வளவுதாங்க நான் சொல்லியிருக்கோணும். இதச் சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு? ஆனா வரல. சுத்தி நாலு கஸ்டமர் நிக்கறாங்க. ஒர்க்‌ஷாப் மொதலாளி தெரியலைன்னு சொன்னா மானம் போயிரும்னு ஒரு இது. பக்கத்துல அண்ணன் நின்னுட்டு இருந்தாரு. அவரைப் பாத்தேன். வாயி அது பாட்டுக்குப் பேசிருச்சு. 'மேனுவல் வண்டி ஓட்டிப் பழகினவங்க இதுலயும் ரெண்டு காலையும் வெச்சு ஓட்டுவாங்கம்மா. இடது கால் கிளட்ச்சத் தேடும், பிரேக்குல உக்காந்துக்கும். அப்படி ஓட்டினா இப்படித்தான் ஆகும்.'

ஆகாதுங்க. இடது காலுக்கும் இந்த நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பிரேக் தேயும், வேணும்னா சூடாகும். வயருல கரண்டு நிக்காது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

அந்தம்மா திரும்பி, 'அப்படியா மருதாசலம்?'னு கேட்டாங்க. இல்லைங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்னா நான் பேச்சை மாத்தியிருப்பேனுங்க. சத்தியமா மாத்தியிருப்பேன். ஆனா அந்த மனுசன் யோசிச்சாருங்க. தலையச் சாய்ச்சு, நெசமாவே யோசிச்சாரு. அப்பறம் சொன்னாரு, 'ஆமாங்கம்மா. வாங்கின புதுசுல ரெண்டு மூணு தடவை கால் தானாப் போயிருக்குதுங்க. நான் உங்ககிட்டச் சொல்லாம விட்டேன்.'

ரெண்டு மூணு தடவை! கோர்ட்டுல கூட இப்படி ஒத்துக்க மாட்டானுங்க எவனும்.

அந்தம்மா சத்தம் போடல. ஆட்டோ புடிச்சு ரெண்டு பேரும் போனாங்க. மறுநாளே அவரை நிறுத்திட்டாங்க. 'உங்களுக்கும் வயசாகுது மருதாசலம், வீட்டுல இருந்து ஓய்வெடுங்க'ன்னு பதமாத்தான் சொன்னாங்களாம். பதமாச் சொன்னா என்ன, பத்தொம்பது வருசத்த ஒரு காப்பி ஆறதுக்குள்ள முடிச்சாச்சு.

நான் அந்தப் பக்கம் கியர் பாக்ஸ் அடியில ஆயில் பேனைக் கழட்டி, புது சோலனாய்டு செட்டு வரவெச்சு மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணினேன். தெருவக்கூடத் தாண்டல, அதே லைட்டு, அதே நம்பரு. பழைய சோலனாய்ட மேசை மேல வெச்சு மீட்டர் புடிச்சேன். புதுசு என்ன அளவு காட்டுதோ அதே அளவு. நல்லா இருந்த சாமானத்தக் கழட்டி வெச்சிருக்கேன்.

அப்பறம் வயரு வழியாப் போனேன். பேட்டரிக்குக் கீழ, கியர் பாக்ஸ் தலையில, ஒரு ப்ளக் இருக்குது. உங்க வண்டியிலயும் அங்கதான் இருக்கும். வண்டிய ஓட விட்டு அந்த வயரை லேசா அசைச்சேன். அசைச்சா லைட்டு வருது. ஆஃப் பண்ணி ப்ளக்கை உருவினேன். உள்ள ரெண்டு பின்னு பச்சையாப் பூத்துக் கெடக்குது. தண்ணி போயிருக்குது.

தண்ணி எப்படிப் போகும்னு யோசிக்கறேன், கண்ணு அந்த ப்ளக்கோட ஓரத்துக்குப் போச்சுங்க. அங்க ஒரு பொட்டு சந்தனம். காஞ்சு, வெடிச்சு, நடுவுல குங்குமத்தோட.

இங்க ஆயுதபூசை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. ரெகுலர் கஸ்டமர் வண்டியெல்லாம் மொத நாளே வந்துரும். கூலி கெடையாது, நம்ம மரியாதைக்குச் செய்யறது. நானே பம்பைப் புடிச்சுப் பானெட்டத் தொறந்து இஞ்சினுக்கெல்லாம் தண்ணி அடிப்பேன். மத்தவங்க வெளிய கழுவுவாங்க, நான் உள்ளயும் கழுவுவேன். பண்டிகை நோம்பின்னா இஞ்சினும் குளிக்கோணும்னு எனக்கொரு கிறுக்கு. அப்பறம் தெரியற எடத்துல எல்லாம் சந்தனம், குங்குமம். அந்த வருசப் பூசைக்குப் புது வண்டியக் கொண்டாந்தப்ப அண்ணன் நின்னுட்டுச் சொன்னாருங்க, 'தம்பி, மேல வேண்டாம். இது பூரா வயரா இருக்குது. ஈரத்துணியில தொடச்சு விட்டாப் போதும்.' நான் என்ன சொன்னேன்? 'அண்ணா, நீங்க ஓட்டறவரு, நான் பாக்கறவன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு.

அந்தச் சந்தனம் என்ற விரலுங்க, நான் வெச்ச பொட்டு.

ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு எழுந்து போயிராதீங்க. பின்னைச் சுத்தம் பண்றதுக்கு முன்னால நான் என்ன பண்ணினேன் தெரியுமுங்களா? அந்தச் சந்தனத்தத் தொடச்சேன். பெட்ரோல் நனைச்ச துணியில, தடமே இல்லாமத் தொடச்சேன். அப்பறந்தான் பின்னு. பின்னை மாத்தி, கிரீஸ் வெச்சு, ப்ளக்கை அழுத்திப் பூட்டினேன். மெசின்ல நம்பர அழிச்சேன். இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல.

சரி, நேராப் போயிச் சொல்லியிருக்கலாமேன்னுதான் பாக்கறீங்க. போனேனுங்க. வண்டியக் கொண்டு போய் விடறப்பச் சொல்லீரலாம்னுதான் போனேன். அந்தம்மா வெள்ளி டம்ளர்ல காப்பி குடுத்தாங்க. 'நீ மட்டும் வெளிப்படையாச் சொல்லலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது சென்னியப்பா. உன்ன மாதிரி நேர்மையான ஆளு இப்ப எங்க இருக்காங்க'ன்னாங்க. இதக் கேட்டதுக்கப்பறம் எப்படிங்க சொல்றது? காப்பியக் குடிச்சுட்டு வந்துட்டேன். அவங்களுக்கு வேற டிரைவர் ஒருத்தர நானே பாத்தும் குடுத்தேன். ஒத்தாசையா இருக்கட்டும்னு.

ஒரு மாசம் கழிச்சு மருதாசலண்ணன் வந்தாரு. ஷேவ் பண்ணாம, மஞ்சப் பையோட. எங்கயும் வேலை கெடைக்கலையாம். ஏன் கெடைக்கலைன்னு கேட்டா, இவரே சொல்லிக்கறாருங்க! போன எடத்துல எல்லாம், 'ஆட்டோமேட்டிக்கா இருந்தா வேண்டாமுங்க, நான் ஒரு கியர் பாக்ஸைக் கெடுத்தவன்'னு. எவன் வேலை குடுப்பான்? என்ற கையப் புடிச்சுட்டு, 'தம்பி, நீதான் என்ற தப்ப எனக்குக் காட்டிக் குடுத்தே. நீயே முறையாப் பழக்கியும் குடுத்துரு'ன்னாரு.

பழக்கிக் குடுத்தேனுங்க. என்ன பண்றது? கொடிசியா எக்சிபிசன் ஹாலுக்குப் பின்னால ரோடு காலியா இருக்கும். என்ற வண்டியிலயே, தெனம் காலையில கூட்டிட்டுப் போனேன். மொத நாளே இடது காலைத் துண்டுல கட்டி சீட்டோட முடிச்சுப் போட்டுட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து அந்தக் காலையே பாக்கறேன். அசையவே இல்லீங்க. துண்டை அவுக்கச் சொல்லிப் பாத்தேன். அப்பவும் அசையல. என்னைவிட நல்லா ஓட்டறாரு. மொத நாளே சொல்லியிருக்கலாம், 'அண்ணா, உங்ககிட்ட ஒரு கொறையும் இல்ல'ன்னு. சொன்னா அடுத்து என்ன கேப்பாரு? 'அப்பக் கியர் பாக்ஸ் எப்படித் தம்பி போச்சு?'ன்னு கேக்க மாட்டாரா? அதனால, 'ம், பரவாயில்லீங்கண்ணா, இன்னும் ஒரு வாரம் பழகோணும்'னேன். தலையாட்டினாரு. இன்னும் ஒரு வாரம் துண்டைக் கட்டீட்டு ஓட்டினாரு. முப்பத்தஞ்சு வருசம் ஸ்டீயரிங் புடிச்ச மனுசன்.

இருங்க, சித்தெத் தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்பறம் நானே யோசனை பண்ணினேன். நான் பாத்துக் குடுத்த டிரைவர் வேற அந்தம்மாகிட்டச் சரியா நடந்துக்கலையாம், எங்கியோ போயிட்டான். சரி, அண்ணனைத் திரும்பச் சேத்து விட்டுட்டா எல்லாம் நேராயிரும்னு கூட்டிட்டுப் போனேன். 'அம்மா, நான் பழக்கியிருக்கேன், இப்ப நல்லா ஓட்டறாரு, நான் பொறுப்பு'ன்னு சொன்னேன். சந்தோசமாத்தான் போனேனுங்க. நல்ல காரியம் பண்ணறோம்னு நெனச்சுட்டுப் போனேன்.

அங்க என்ன ஆச்சுன்னா, நான் பேசி முடிக்கறதுக்குள்ள அண்ணன் ரெண்டு கையையும் கூப்பினாரு. 'அம்மா, நான் பண்ணினது தப்புத்தான். தெரியாமப் பண்ணிட்டேன். உங்க வண்டியக் கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க, இனி இப்படி நடக்காது'ன்னாரு. அந்தம்மாவும் கண்ணத் தொடைச்சுட்டு, 'போகட்டும் விடுங்க மருதாசலம், மனுசன்னா தப்புப் பண்ணத்தான் செய்வாங்க'ன்னாங்க. நான் நடுவுல நிக்கறேன். அந்த மன்னிப்பு நான் கேக்க வேண்டியதுங்க. அவரு கேக்கறாரு, அந்தம்மா குடுக்கறாங்க, நான் வேடிக்கை பாத்துட்டு நிக்கறேன். கூசிப் போச்சு. இந்த ஒடம்பை எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியல.

அதோட முடிஞ்சுதா? அந்தம்மா சாவிய எடுத்து நீட்டறாங்க, அண்ணன் வாங்கல. 'தம்பி கையால குடுக்கச் சொல்லுங்கம்மா. அவருதான் எனக்கு மறுவாழ்வு குடுத்தவரு'ங்கறாரு. நான் வேண்டாமுங்கறேன், ரெண்டு பேரும் விடல. வாங்கிக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டாருங்க.

ஊருக்கே சொல்றாரு இப்ப, சென்னியப்பந்தான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்தான்னு. நான் மறுக்கறதில்ல. நெசந்தானுங்களே? வேலை வாங்கிக் குடுத்தது நாந்தானே? அதுக்கப்பறம் எந்த வண்டி வந்தாலும், வயரைப் பாக்காம ஒரு போல்ட்டக்கூடத் தொடறதில்லீங்க. ஆயுதபூசைக்கு இஞ்சினுக்குத் தண்ணி அடிக்கறத நிறுத்திட்டேன். வர்ற கஸ்டமருக்கெல்லாம் இத ஒளிக்காமச் சொல்றேன். ஒரு இருபது பேருக்குச் சொல்லியிருப்பேன். நான் ஒளிக்கற ஆளுன்னா இப்படிச் சொல்லுவனா, நீங்களே சொல்லுங்க?

அவருகிட்டயா? அவருகிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போகுது இனி? பழசக் கெளறினா அவரு மனசுதான் நோகும். அந்தம்மாவுக்கும் சங்கடம். எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. அவருக்காகத்தானுங்க நான் சொல்லாம இருக்கேன்.

நிம்மதின்னு சொல்றேனே, ஒண்ணே ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணுவாரு. 'தம்பி, வண்டி எடுக்கறப்ப ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு, நான் ஏதாச்சும் பண்ணிட்டேனா?' 'தம்பி, ஸ்பீட் பிரேக்கர்ல சித்தெ வேகமா எறக்கிட்டேன், ஒண்ணும் ஆயிராதுல்ல?' முன்ன வண்டியோட சத்தத்த வெச்சே அதுக்கு என்ன நோவுன்னு எனக்குச் சொல்லுவாரு. இப்பத் தாந்தான் நோவுன்னு நெனச்சுக்கறாரு. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லுவேன், 'இல்லீங்கண்ணா, உங்க தப்பு இல்லீங்க'ன்னு. சத்தத்துக்குச் சொல்லீருவேன், டயருக்குச் சொல்லீருவேன், ஏசிக்குச் சொல்லீருவேன். அந்த ஒண்ணுக்கு மட்டும் வாய் வராது.

பாருங்க, பேசிட்டு இருக்கறப்பவே போன். அவருதான். ஒரு நிமிசமுங்க.

சொல்லுங்கண்ணா. … ஆமாங்க, ஒர்க்‌ஷாப்புலதான். … ம். … பிரேக் புடிக்கறப்பவா? எப்ப இருந்து? … மழை பேஞ்சுதுல்ல, அதனால இருக்கும். டிஸ்க்குல துரு. நாலு தடவை புடிச்சாப் போயிரும். … இல்லீங்கண்ணா, உங்க தப்பு இல்லீங்க. … நான் சொல்றேனுங்க. உங்க கால்ல ஒண்ணும் இல்ல. … எப்பவுமே இருந்ததில்லீங்கண்ணா. அண்ணா, ஒரு நிமிசம் வெக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு… அண்ணா? … ஓ. சரிங்க. சரிங்க.

வெச்சுட்டாருங்க. அம்மா கோயில்ல இருந்து வந்துட்டாங்களாம், கெளம்பறாராம்.

திருப்பிக் கூப்புடறதா? இப்பவா? இல்லீங்க சார், வண்டி எடுத்திருப்பாரு. ஓட்டறப்பப் போன் எடுக்கவே மாட்டாரு. பத்தொம்பது வருசத்துல ஒரு நாளும் எடுத்ததில்ல. அந்த விசயத்துல அவரைப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாதுங்க.